முடிவு தெரிந்த கதையிற் பிறக்கும் சுவை

நூல்களுட் சிலவற்றைக் கற்றோர் புகழ்வர். வேறு சிலவற்றைப் படிப்பர். குற்றத்தையும் கொலையையும் பொருளாகக் கொண்டு விறுவிறுப்பாக நடக்கும் நாவல்கள் இரண்டாம் வகையைச் சார்ந்தன. நூலகங்களில் அட்டை கிழிந்தும் ஓரம் மடிந்தும் கிடப்பவை பெரும்பாலும் இவையே. ஆயினும் இலக்கிய அரங்குகளில் இவற்றைப் பெயர் சொல்லிப் பாராட்ட முன்வருவோர் மிகச் சிலர். அமெரிக்கத் திறனாய்வாளர் எட்மண்ட் வில்சன் 1945இல் 'நியூ யோர்க்கர்' இதழில் எழுதிய கட்டுரையொன்றில், துப்பறியும் கதை படிக்கும் பழக்கத்தைப் புகைபிடித்தலோடும் குறுக்கெழுத்துப் புதிரோடும் ஒருங்கு வைத்து எள்ளினார். அதனைப் படித்து ஆமென்று தலையசைத்தோருட் பலர், அன்றிரவே அகதா கிறிஸ்டியின் நூலொன்றோடு படுக்கைக்குச் சென்றிருப்பர் என்று எண்ணுவதிற் பிழையில்லை.

இத்தகைய நாவல்கள் தரும் இன்பத்திற்கு வழக்கமாகக் கூறப்படும் காரணம் ஒன்றே. மறைபொருளை அறிய விழையும் ஆவல் வாசகனைப் பக்கந்தோறும் இழுத்துச் செல்கின்றது என்பர். கொன்றவன் யார் என்பது இறுதிப் பக்கம் வரையும் மறைந்திருக்க வேண்டும். அது வெளிப்பட்டதும் நூலின் பயன் முடிந்துவிடும். 1926இல் வெளிவந்த 'ரொஜர் அக்ரொயிட்டின் கொலை' என்னும் கிறிஸ்டியின் நாவல் இவ்வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். அதன் இரகசியத்தை முன்னரே அறிந்தவனுக்கு அந்நூலிற் பாதிச் சுவை போய்விடும் என்பதனை யாரும் மறுக்கார். ஆயின் மறைபொருளே இவ்வின்பத்தின் முழுக் காரணமாயின், முடிவு இன்னதென உலகமே அறிந்த ஒரு கதை வாசகனை ஈர்த்தல் இயலாது. அத்தகைய கதையொன்று எழுதப்பட்டது. இந்த வகை நூல்களுள் மிகுதியாகப் படிக்கப்பட்டவற்றுள் அதுவும் ஒன்றாயிற்று. ஆதலின் மேற்கூறிய கொள்கையை உரைத்துப் பார்த்தற்கு அதுவே தக்க கல்லாகும்.

பிரெடெரிக் போர்சைத் என்னும் ஆங்கிலேயர் எழுதி 1971இல் வெளியான 'த டே ஒவ் த ஜக்கால்' என்பதே அந்நாவல். நரியின் நாள் என்று அதன் பெயரைத் தமிழிற் கூறலாம். அல்ஜீரியாவுக்கு விடுதலை வழங்கியமையாற் சினங்கொண்ட ஓ. ஏ. எஸ். என்னும் இரகசியப் படை இயக்கத்தினர், பிரான்சின் சனாதிபதி டி கோலைக் கொல்லப் பலமுறை முயன்றனர். 1962 ஓகஸ்ட் 22ஆம் நாள் பாரிசு நகர்ப்புறத்துப் பெத்தி கிளமார் என்னுமிடத்தில் அவருடைய வண்டியைத் துப்பாக்கிக் குண்டுகள் துளைத்தன. அவர் காயமின்றித் தப்பினார். அம்முயற்சியைத் தலைமை தாங்கி நடத்திய பஸ்தியன் திறி 1963 மார்ச்சு 11ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டான். இவையெல்லாம் வரலாறு. அக்காலத்தில் ரொயிட்டர் செய்தி நிறுவனத்தின் நிருபராகப் பாரிசில் இருந்த போர்சைத், இவ்வரலாற்றின் விளிம்பிலிருந்து தம் கற்பனையைத் தொடங்குகின்றார். தோற்ற இயக்கத்தின் எஞ்சிய தலைவர்கள் மூவர், பிரான்சிற் பொலிசார் எவரும் அறியாத வெளிநாட்டுக் கொலைஞன் ஒருவனை ஐந்து இலட்சம் டொலர் கூலிக்கு அமர்த்துகின்றனர். 'நரி' என்பது அவன் தானே தேர்ந்துகொண்ட மறைபெயர்.

போர்சைத் இதனை 1970ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 35 நாட்களில் எழுதி முடித்தார். அப்பொழுது டி கோல் பதவி துறந்து தம் ஊரில் உயிரோடு வாழ்ந்துகொண்டிருந்தார். கொல்லப்படாத ஒருவரைக் கொல்லும் முயற்சி பற்றிய கதையில் யாருக்கு ஆவல் பிறக்கும் என்று கேட்டுச் சில பதிப்பகத்தார் கையெழுத்துப் படியைத் திருப்பி அனுப்பினர். அவர்களை நகைத்தல் எளிது. எனினும் அவர்கள் கேட்ட வினா அறிவுடைய வினாவே. அவ்வாண்டு நவம்பர் 9ஆம் நாள் டி கோல் தம் இல்லத்தில் இயற்கையாக இறந்தார். நூல் வெளிவந்தபோது, 'நரி' தோற்றான் என்பதனை அறியாத வாசகன் எங்கும் இலன்.

முடிவு தெரிந்த கதையைச் சுவைத்தல் தமிழருக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் பதிகம் கதை முழுவதையும் முன்னரே கூறிவிடுகின்றது. அதனைப் படித்த பின்னரும் கோவலன் சிலம்போடு மதுரைத் தெருவிற் செல்லும் இடத்தில் நெஞ்சு பதைக்காதார் இலர். கூத்துக் களரியில் விடியும்வரை அமர்ந்திருந்தோர், இராவணன் வீழ்வானோ மாட்டானோ என்னும் ஐயத்தால் அமர்ந்திருந்தவர் அல்லர். ஆயின் இவ்வொப்புமை ஓரளவிற்கே பொருந்தும். காப்பியத்தில் வரப்போகும் கேட்டினை வாசகன் அறிவான், பாத்திரம் அறியாது. அவ்வேறுபாட்டிலிருந்து இரக்கம் பிறக்கின்றது. திரைப்பட நெறியாளர் அல்பிரட் ஹிட்சுகொக் கூறிய புகழ்பெற்ற விளக்கமும் இதனையே தழுவியது. மேசைக்குக் கீழே வெடிகுண்டு இருப்பதைப் பார்ப்போர் அறியாராயின் அது வெடிக்கும்போது நொடிப்பொழுது திடுக்கிடுவர். அறிவாராயின் வெடிக்கும் வரையும் நடுங்குவர் என்றார் அவர். போர்சைத்தின் நாவலிலோ குண்டு வெடிக்காது என்பதே முன்கூட்டித் தெரிந்த செய்தி. வெடியாத குண்டின் முன்னே வாசகன் ஏன் நடுங்க வேண்டும்?

விடை நாவலின் அமைப்பிலே கிடக்கின்றது. 'நரி' வெல்வானா என்னும் வினாவை ஆசிரியர் தொடக்கத்திலேயே கைவிட்டுவிடுகின்றார். அவன் தோற்றல் எங்ஙனம் இயலும் என்னும் வினாவை அதனிடத்தில் நிறுத்துகின்றார். கொலைஞனின் ஒவ்வொரு செயலும் குறையற நிறைவேறுகின்றது. அவன் இலண்டனிற் பிரித்தானிய நூதனசாலையின் வாசிகசாலையில் அமர்ந்து டி கோலைப் பற்றிய நூல்களையெல்லாம் கற்கின்றான். எந்த ஆபத்து நேரினும் அம்மனிதர் மக்கள் முன் தோன்றாதிருக்க மாட்டாத ஒரு நாள் ஆண்டில் உண்டென்று கண்டுகொள்கின்றான். அந்நாள் எது என்பதை ஆசிரியர் நெடுநேரம் சொல்வதில்லை. பின்னர் ஒரு சிற்றூர்ச் சேமக்காலைக்குச் சென்று, குழந்தைப் பருவத்தில் இறந்த ஒருவனின் கல்லறையைத் தேடிப் பிடித்து, அவன் பெயரிற் பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் கடவுச்சீட்டும் பெறுகின்றான். பிரசெல்சு நகரத்துக் கைவினைஞன் ஒருவனைக் கொண்டு, குழாய்களாகப் பிரித்து மறைக்கத்தக்க மெல்லிய துப்பாக்கி ஒன்றைச் செய்விக்கின்றான். ஆர்டென் காட்டில் முலாம்பழம் ஒன்றை மரத்தில் தொங்கவிட்டு அதனைச் சுட்டுப் பழகுகின்றான். அப்பழம் சிதறும் இடத்தில் வாசகன் தன் கழுத்தைத் தானே தடவிப் பார்த்துக்கொள்வான்.

இவ்வாறு அடிமேல் அடியாக அவன் அணுக அணுக, வரலாற்றைப் பற்றிய வாசகனின் அறிவே அவனுக்குப் பெரும் புதிராகின்றது. நடக்கவில்லை என்று திண்ணமாக அறிந்த ஒன்று, நடந்தே தீரும் என்று தோன்றுகின்றது. வரலாறு எந்த வாயிலால் உள்ளே நுழைந்து இதனைத் தடுக்கப் போகின்றது என்பதே அவன் காத்திருக்கும் செய்தி. சாதாரணத் துப்பறியும் கதையில் மறைக்கப்பட்டிருப்பது நடந்துபோன ஒன்று. இங்கு மறைந்திருப்பது நடவாமைக்கான காரணம்.

தொல்காப்பியர் வகுத்த மெய்ப்பாடுகளுள் எது இவ்வின்பத்திற்கு உரியது என்று கேட்பின், பலரும் அச்சம் என்பர். அச்சத்திற்குத் தொல்காப்பியர் கூறிய நிலைக்களன்கள் தெய்வம், கொடுவிலங்கு, கள்வர், இறைவன் என்பன. கொலைக்கதைக்கு அவற்றுள் ஒன்றிரண்டு பொருந்துமாயினும், இந்நாவலைப் படிப்போன் உண்மையில் அஞ்சுவதில்லை. அவன் வியக்கின்றான். மருட்கை என்னும் மெய்ப்பாட்டிற்குப் புதுமை, பெருமை, சிறுமை, ஒன்று மற்றொன்றாய் ஆதல் என்னும் நான்கும் களனாகக் கூறப்பட்டன. துப்பாக்கியின் நுண்மையைச் சிறுமையிலும், சூழ்ச்சியின் பரப்பைப் பெருமையிலும் அடக்கலாம். நான்காவதான ஆக்கமோ இந்நாவலின் உயிர். ஆங்கிலக் கனவான் டேனிய நாட்டுப் பாதிரியாராகின்றான். பாதிரியார் அமெரிக்க மாணவனாகின்றான். மாணவன் காலிழந்த முதிய பிரெஞ்சுப் போர்வீரனாகின்றான். ஒவ்வொரு மாற்றத்திற்கும் வேண்டிய பொருள்களை அவன் முன்னரே வாங்கிவைத்ததை வாசகன் கண்டிருக்கின்றான். எதற்கென்று மட்டும் அறியான். பயன் விளங்கும்போது தோன்றும் மகிழ்ச்சி, நல்ல தச்சன் ஒருவன் மூட்டுவாய் பொருத்துவதை அருகிருந்து பார்ப்பவன் மகிழ்ச்சியை ஒத்தது.

இம்மகிழ்ச்சி குற்றமற்றதா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. தச்சன் செய்வது கதவு. இவன் செய்வது கொலை. 1959இற் பிரதமர் ஒருவரையும் 1993இற் சனாதிபதி ஒருவரையும் கொலைக்குப் பலிகொடுத்த இலங்கை போன்ற ஒரு நாட்டில் இதனைப் படிப்போன் அக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிடல் ஆகாது. இந்நாவலைப் படித்தோர் தம்மை மெய்யாகச் சோதிப்பின், சுங்க அதிகாரி 'நரி'யின் வண்டியைச் சோதிக்கும்போது, அதன் அடிப்புறத்தில் மறைத்த குழாய்கள் அகப்பட்டுவிடலாகாதே என்று தாம் விரும்பியதை ஒப்புக்கொள்வர். டி கோல் வாழ வேண்டுமென்று விரும்பும் அதே மனம் அவரைக் கொல்ல வந்தவன் பிடிபடலாகாதென்றும் விரும்புகின்றது. நரியைப் பரியாக்கிய திருவிளையாடலைச் சைவர் அறிவர். பாண்டியன் அக்குதிரைகளின் நடையழகிலே மயங்கினான். இரவாகியதும் அவை மீண்டும் நரியாகி, கொட்டிலிற் கட்டியிருந்த மெய்க்குதிரைகளைக் கடித்துக் குதறின. போர்சைத்தின் வாசகனும் ஏறத்தாழ அரைநூல் வரையும் பாண்டியன் நிலையிலே இருக்கின்றான். தன் போலிப் பத்திரங்களைச் செய்தவன் மேலும் பணம் பறிக்க முனைந்தபோது 'நரி' அவனைக் கொன்று பெட்டியொன்றிற் பூட்டுகின்றான். பணம் பறிப்பவன் தானே என்று வாசகன் அதனைப் பொறுத்துக்கொள்கின்றான். பின்னர்த் தன் மாளிகையில் இடங்கொடுத்த சீமாட்டி, அவனுடைய இரகசியத்தை அறிந்துகொண்டமையாற் கொல்லப்படுகின்றாள். பரி நரியாகும் இரவு அதுவே. அதன் பின்னர் அவனுடைய திறமையை வியப்பது முன்போல எளிதாக இருப்பதில்லை.

இந்நூலின் மிகச் சிறந்த பகுதி, ஆயின், 'நரி'யைப் பற்றியதன்று. ஓ. ஏ. எஸ். தலைவர்களுக்கு மெய்காவலனாக உரோமாபுரியில் இருக்கும் கொவால்ஸ்கி என்னும் பெருந்தோற்றமுடைய முரடனைப் பற்றியது. அவன் பல கொலைகள் செய்தவன். எண்ணிப் பார்க்கும் ஆற்றல் குறைந்தவன். தன் மகள் என்று அவன் நம்பும் சிறுமி ஒருத்தி மார்செயில் நகரில் வளர்கின்றாள். அவளுக்கு இரத்தப் புற்றுநோய் என்று பொய்யாக எழுதுவிக்கப்பட்ட கடிதமொன்று அவனுக்குக் கிடைக்கின்றது. அந்நோயின் பெயரைக்கூட அவனால் முழுதும் நினைவில் நிறுத்த இயலவில்லை. கடமையை விட்டு ஓடிவருகின்றான். பிரெஞ்சு இரகசியப் பிரிவினரின் கையில் அகப்படுகின்றான். மின்சாரம் பாய்ச்சி வதைக்கப்பட்டு, தொடர்பற்ற சில சொற்களை உளறி இறக்கின்றான். அச்சொற்களைக் கோத்துப் பார்த்தபோதுதான் அரசு சூழ்ச்சியை முதன்முதலாக அறிகின்றது. டி கோலின் உயிர் காக்கப்பட்டது ஒரு தந்தையின் அன்பைத் தூண்டிலாக்கியதனால் என்பது இதன் பொருள். ஆசிரியர் இதனைக் குறித்து ஒரு சொல்லேனும் விமரிசனமாகக் கூறவில்லை. நிருபர் பாங்கிற் சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகின்றார். அவருடைய மௌனம் கலைத்திறனா, அன்றி அக்கறையின்மையா என்பது ஐயத்திற்குரியது. எவ்வாறாயினும் பயன் ஒன்றே. சட்டத்தின் பக்கம் நின்றுகொண்டு நிம்மதியாகக் கதையைத் தொடரலாம் என்னும் வசதி வாசகனுக்கு மறுக்கப்படுகின்றது.

இதற்குப் பிறகே துப்பறிவோன் வருகின்றான். குளோட் லெபெல் குள்ளமானவன், மனைவிக்கு அஞ்சுபவன், பேச்சில் பணிவுடையவன். பெயரும் முகமும் அறியாத ஒருவனை, விளம்பரமின்றி, நாட்டின் தலைவர் தம் நிகழ்ச்சிகளுள் ஒன்றையும் மாற்ற மறுத்துள்ள நிலையில், அவன் பிடித்தாக வேண்டும். ஒவ்வோர் இரவும் உயர் அதிகாரிகளின் கூட்டத்திற்குச் சென்று தன் முயற்சிகளைக் கூறுகின்றான்; ஒவ்வோர் இரவும் அவற்றை 'நரி' எவ்வாறோ அறிந்துகொள்கின்றான். முடிவில் அக்கூட்டத்திலிருந்த ஓர் அதிகாரியின் ஆசைநாயகியே செய்தி கடத்தியவள் என்று லெபெல் மெய்ப்பிக்கின்றான். யாருடைய தொலைபேசியை ஒற்றுக் கேட்பதென எப்படி அறிந்தீர் என்று வினவியபோது, அறியாமையால் எல்லோருடையதையும் ஒற்றுக் கேட்டதாக அவன் விடை கூறுகின்றான். ஷெர்லொக் ஹோம்சின் மின்னல் போன்ற ஊகங்களுக்கு இங்கு இடமில்லை. குடிவரவு அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டும் எழுதுவினைஞரின் உழைப்பே லெபெலின் அறிவு. இவனும் ஒரு கைவினைஞன். ஆதலின் வாசகனின் வியப்பு இருகூறாகப் பிரிந்து இருவர் பின்னும் செல்கின்றது. நூலின் பின்பாதியிற் காணும் விறுவிறுப்பு அப்பிளவிலிருந்து பிறப்பதேயாம்.

குறைகள் பலவுள. பெண்பாத்திரங்கள் அனைவரும் பிறருக்குக் கருவிகளாகவே வந்து மறைகின்றனர். உள்நாட்டமைச்சராக இருந்த ரொஜே பிரே போன்ற மெய்யான மாந்தரும் கற்பனை மாந்தரும் ஒரே அலுவலகத் தொனியிற் பேசுகின்றனர். உவமை வேண்டுவோரும் நடைநயம் தேடுவோரும் ஏமாறுவர். ஆயினும் அச்செய்தித்தாள் நடையே நம்பகத்தன்மைக்கு அடிப்படையாயிற்று என்பதை மறத்தலாகாது. 1973இற் பிரெட் சினமன் இதனைத் திரைப்படமாக்கியபோதும் அவ்வறண்ட பாங்கையே கையாண்டார்.

இத்தகைய நூல்கள் குற்றத்தைக் கற்பிக்கின்றன என்னும் குற்றச்சாட்டு, இந்நாவலைப் பொறுத்தவரை வெறும் கற்பனையன்று. இறந்தவன் பெயரிற் கடவுச்சீட்டுப் பெறும் வழி அக்காலத்தில் உண்மையாகவே திறந்துகிடந்தது. 1974இல் ஜோன் ஸ்டோன்ஹவுஸ் என்னும் பிரித்தானியப் பாராளுமன்ற உறுப்பினர், கடலில் மூழ்கி இறந்ததுபோல நடித்துவிட்டு, மெய்யாக இறந்துபோன ஒருவரின் பெயரிலே பெற்ற கடவுச்சீட்டோடு அவுஸ்திரேலியாவுக்குச் சென்று பிடிபட்டார். எனினும் ஓட்டை நாவலில் இருந்ததோ நடைமுறையில் இருந்ததோ என்று கேட்டல் வேண்டும். பூட்டு உறுதியற்றது என்று உரத்துச் சொன்னவன் மேல் திருட்டுப் பழியைச் சுமத்துதல் நேர்மையாகாது.

இனி, வரலாறு நுழைந்த வாயில் எது? 1963 ஓகஸ்ட் 25, பாரிசு விடுதலை பெற்ற நாளின் நினைவு விழா. காலிழந்த கிழவன் வேடத்தில், ஊன்றுகோலுக்குள் துப்பாக்கியை மறைத்துக் காவலைக் கடந்த 'நரி', சதுக்கத்தை நோக்கிய மேல்மாடிச் சாளரத்தில் அமர்ந்திருக்கின்றான். கீழே டி கோல் பழைய வீரர்களுக்குப் பதக்கம் சூட்டுகின்றார். குறி தப்புவதற்கு ஒரு காரணமும் இல்லை. விசையை அழுத்தும் கணத்தில் டி கோல் தலையைக் குனிகின்றார். எதிரே நின்ற வீரனின் கன்னத்தில் முத்தமிடுவதற்காக. பதக்கம் அணிவித்தவர் கன்னத்தில் முத்தமிடுதல் பிரெஞ்சு மக்களின் வழக்கம். ஆங்கிலேயருக்கு அது பழக்கமில்லாத ஒன்று. நூதனசாலையின் நூல்களையெல்லாம் கற்று, அம்மனிதரின் செருக்கைக்கூட அளந்து வைத்திருந்தவன், எந்தப் பிரெஞ்சுச் சிறுவனும் அறிந்த ஒன்றை எண்ணிப் பார்க்கவில்லை. குண்டு வெறுந்தரையிற் பாய்கின்றது. தலைவர் அதனை அறியவுமில்லை.

நானூறு பக்கமளவு காத்திருந்த வாசகன் இவ்விடத்திற் பெறும் நிறைவு, கொலையாளி யாரென அறிந்தபோது பெறும் நிறைவினும் வேறானது. விடை எளியது, இத்தனை சூழ்ச்சிக்கும் புறம்பானது, ஆயினும் பொருத்தமானது. காவற்படை முழுவதாலும் இயலாததை ஒரு வழக்கம் செய்து முடித்தது. அடுத்த சில நொடிகளில் லெபெல் கதவை உடைத்து உள்ளே வருகின்றான். உடன்வந்த இளங்காவலன் சுடப்பட்டு வீழ, அவன் துப்பாக்கியை எடுத்துக் கொலைஞனைச் சுடுகின்றான்.

கதை அங்கு முடிந்திருக்கலாம். போர்சைத் இன்னும் ஓரிரு பக்கம் எழுதுகின்றார். 'நரி'யெனப் பொலிசார் கருதியிருந்த கல்த்ரொப் என்னும் ஆங்கிலேயன், விடுமுறை கழிந்து இலண்டனிலுள்ள தன் வீட்டிற்கு உயிரோடு திரும்பி வந்து, அங்கே பொலிசார் நிற்பதைக் கண்டு வியக்கின்றான். பாரிசுச் சேமக்காலை ஒன்றில், விபத்தில் இறந்த பெயர் தெரியாத வெளிநாட்டுப் பயணி என்னும் பதிவோடு ஓர் உடல் அடக்கஞ் செய்யப்படுகின்றது. அதனை அக்கறையோடு நின்று பார்த்தவன் லெபெல் ஒருவனே. கொலைஞனின் உடை, உணவு, துப்பாக்கியின் அளவு, வண்டியின் நிறம் அனைத்தையும் அறிந்த வாசகனும், புதைக்கப்பட்டவன் பெயரை அறியாமலே நூலை மூடுகின்றான்.